சாவித்திரி: நடிப்பைவிட வீழ்ச்சியே ஏன் அதிகம் பேசப்படுகிறது?

டிசம்பர் வந்தால் போதும், நடிகை சாவித்திரி மறுபடியும் செய்தியில் வந்துவிடுவார். 6ஆம் தேதி அவருடைய பிறந்தநாள், 26ஆம் தேதி நினைவுநாள். இருபது நாள் இடைவெளியில் இரண்டு முறை பத்திரிகைகள், இணைய இதழ்கள், யூடியூப் சேனல்கள் எல்லாம் அவரை நினைவுகூர்கின்றன. ஆனால் அந்த நினைவுகூரலில் பெரும்பகுதி எதைப் பற்றி? கடைசி நாட்கள், குடி, கைவிட்ட கணவர், பறிபோன பங்களா, மருத்துவமனைப் படுக்கை. 'பாசமலர்' ராதாவுக்கு ஒரு வரி, 'மாயா பஜார்' வத்சலாவுக்கு அரை வரி. மிச்சமெல்லாம் "எப்படி இருந்தவங்க, எப்படி ஆயிட்டாங்க பாருங்க" என்ற ஒற்றைப் பல்லவிதான்.

இது சாவித்திரிக்கு மட்டும் நேர்ந்த கதை அல்ல. திரையில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றித் தமிழ் ஊடகம் எழுதும் முறையே இப்படித்தான் உருவாகி வந்திருக்கிறது. சினிமா ஏடுகளில் தொடங்கி, தொலைக்காட்சிக்குப் போய், இப்போது கைபேசித் திரையில் வந்து நிற்கிறது. அந்த முறை எங்கிருந்து வந்தது, அதில் எது விடுபட்டுப்போகிறது, இன்றைய சின்னத்திரை நடிகைகளை அது எப்படிப் பாதிக்கிறது என்பதைப் பார்க்கலாம்.

யார் இந்தச் சாவித்திரி?

ஆந்திர மாநிலம் குண்டூர் மாவட்டத்தின் சிர்ராவூரில் பிறந்தவர். அன்று அது சென்னை மாகாணம். பிறந்த ஆண்டு ஒரு குறிப்பில் 1934, இன்னொன்றில் 1935, மற்றொன்றில் 1936 என்று இருக்கிறது. இவ்வளவு எழுதப்பட்ட ஒருவரின் பிறந்த ஆண்டைக்கூட ஒரே மாதிரி பதிவுசெய்ய முடியாத ஊடகங்கள்தான், அவர் எந்த நாளில் எவ்வளவு குடித்தார் என்பதை மட்டும் பக்கத்தில் இருந்து பார்த்ததுபோல் எழுதுகின்றன.

கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். பெரியப்பா வீட்டில் விஜயவாடாவில் வளர்ந்தார். நாடக மேடை, நடனம் என்று தொடங்கிப் பதின்ம வயதிலேயே சென்னைக்கு வந்தார். 1950இல் வெளியான 'சம்சாரம்' தெலுங்குப் படத்தில் பெரிய வேடம் கிடைக்கும் என்று வந்தவருக்குச் சின்ன வேடம்தான் மிஞ்சியது. 1951இல் 'பாதாள பைரவி'யில் ஒரு நடனம். 1952இல் விஜயா நிறுவனத்தின் 'கல்யாணம் பண்ணிப்பார்'. 1953இல் 'தேவதாஸ்' வந்தது. அதன் பார்வதி வேடம்தான் தமிழ், தெலுங்கு இரண்டு பக்கமும் அவரை நிலைநிறுத்தியது.

1955இல் 'மிஸ்ஸியம்மா'. தெலுங்குப் பதிப்பில் முதலில் பானுமதிதான் நடித்துக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் சக்ரபாணியுடன் ஏற்பட்ட உரசலில் அவர் விலக, வேறொரு வேடத்துக்கு வந்திருந்த சாவித்திரி நாயகியானார். தமிழில் ஜெமினி கணேசன், தெலுங்கில் என்.டி.ராமராவ். இரண்டிலும் நாயகி சாவித்திரியே. ஒரே கதையை இரண்டு மொழியில், இரண்டு வேறு நாயகர்களுடன், ஏறக்குறைய ஒரே காலத்தில் நடித்து முடிப்பது அன்று அவருக்கு வழக்கமான வேலை.

'களத்தூர் கண்ணம்மா' (1960), 'பாசமலர்' (1961), 'பாவமன்னிப்பு' (1961), 'பார்த்தால் பசி தீரும்' (1962), 'கற்பகம்' (1963), 'கர்ணன்', 'கை கொடுத்த தெய்வம்', 'நவராத்திரி' (மூன்றும் 1964), 'திருவிளையாடல்' (1965) என்று தமிழில் மட்டுமே வரிசை நீள்கிறது. இரு மொழியிலுமாக இருநூறு படங்களுக்கு மேல். 2011இல் இந்திய அஞ்சல் துறை இந்தியத் திரையின் ஆறு நாயகிகளுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, தேவிகா ராணி, கானன் தேவி, மீனா குமாரி, நூதன், லீலா நாயுடு ஆகியோருடன் இடம்பெற்ற ஒரே தென்னிந்திய நடிகை சாவித்திரிதான்.

அவர் நடிப்பில் அப்படி என்ன இருந்தது?

"நல்லா நடிப்பாங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அந்த 'நல்லா' என்பது என்ன என்று சொல்ல, படங்களைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

'மாயா பஜார்' (1957) ஒன்றே போதும். கடோத்கஜன் மாயத்தால் வத்சலாவின் உருவெடுத்து, துரியோதனன் மகனைக் கல்யாணப் பந்தலில் திண்டாடவிடும் பகுதி அது. ரங்காராவ் என்ற பேருருவம் ஒரு இளம்பெண்ணின் உடம்புக்குள் புகுந்துகொண்டால் எப்படி இருக்கும்? நடையில் திடீரென்று ஒரு ராட்சச வீச்சு, சிரிப்பை அடக்கத் தெரியாத ஒரு தோள் குலுக்கல், பக்கத்தில் யாராவது வந்தால் சட்டென்று மீண்டும் நாணம். வசனம் குறைவு, உடம்பு முழுக்கப் பேசுகிறது. நகைச்சுவையை நாயகிகள் செய்யக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை என்றாலும், அந்தக் காலத்தில் இந்த அளவுக்குத் துணிந்தவர்கள் குறைவு.

அதற்கு நேர் எதிர்த்திசை 'பாசமலர்'. சிவாஜி கணேசனின் நடிப்பு உரத்து எழும் இடங்களில் சாவித்திரி குரலைத் தாழ்த்துகிறார். அண்ணனுக்கும் கணவனுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட பெண் யாரிடமும் முழுதாகப் பேச முடியாது என்பதை, பாதியில் நிற்கும் வாக்கியங்களிலும் கண்ணிலும் வைத்திருக்கிறார். தமிழ்நாட்டில் அண்ணன் தங்கைப் பாசம் என்றாலே இன்றைக்கும் அந்தப் படத்தின் பெயர் வருகிறது என்றால், அதில் பாதிப் பங்கு தங்கையுடையது.

'நவராத்திரி' சிவாஜியின் ஒன்பது வேடங்களுக்காகப் பேசப்படுகிற படம். ஒன்பது பேரையும் எதிர்கொள்கிறவள் ஒருத்திதான். ஒன்பது விதமான ஆட்களிடம் ஒன்பது விதமாக அஞ்சி, இரங்கி, ஏமாற்றி, தப்பித்து நகர்கிற அந்தப் பெண் இல்லாவிட்டால், படம் வேடப்போட்டி மேடையாகத்தான் இருந்திருக்கும். 'கை கொடுத்த தெய்வ'த்தின் வெகுளிப்பெண் கோகிலாவோ, ஊர்வாய்க்கு இரையாகிறவள். வம்பு பேசும் ஊர் ஒரு பெண்ணை என்ன செய்யும் என்பதைத் திரையில் நடித்துக்காட்டியவரின் வாழ்க்கையே பிறகு ஊர் வம்புக்குப் பொருளானது.

அன்றைய பத்திரிகைகள் எப்படி எழுதின?

சாவித்திரி சென்னைக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் தமிழ் சினிமா இதழியலின் மிக மோசமான அத்தியாயம் முடிந்திருந்தது. 'சினிமா தூது', 'இந்து நேசன்' என்ற ஏடுகளை நடத்திய லட்சுமிகாந்தன், நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை எழுதியும், எழுதுவேன் என்று மிரட்டியும் பிழைத்தவர் என்று அறியப்பட்டவர். 1944 நவம்பரில் சென்னையில் அவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டு, 1947இல் விடுதலையாகி வெளியே வந்தார்கள். கொலை வழக்கு முடிந்தது. அந்த ஏடுகள் கண்டுபிடித்த வியாபாரம் முடியவில்லை. நடிகையின் சொந்த வாழ்க்கைக்குச் சந்தையில் விலை உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

அடுத்த தலைமுறை இதழ்கள் அவ்வளவு அழுக்காக இல்லை. 1940களில் தொடங்கிய 'பேசும் படம்', 'குண்டூசி' போன்றவை அழகான புகைப்படங்களையும் படச் செய்திகளையும் கொடுத்தன. வார இதழ்களில் கேள்வி-பதில் பகுதிகள் இருந்தன. படம் எப்படி இருக்கிறது என்று எழுதும் மரபும் இருந்தது. கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய விமர்சனங்கள் அதற்கு முன்னோடி. ஆனால் நடிகையைப் பற்றிய கட்டுரை என்று வந்துவிட்டால், அவர் வேலையைப் பற்றிய கேள்விகள் குறைந்துவிடும். பிடித்த நிறம், பிடித்த சமையல், எத்தனை நகை, எப்போது கல்யாணம் என்பவை முன்னால் வந்து நிற்கும்.

இந்தக் 'கல்யாணம்' கேள்விதான் சாவித்திரிக்குப் பெரிய செய்தியானது. ஏற்கெனவே மணமான ஜெமினி கணேசனை 1950களின் தொடக்கத்தில் அவர் ரகசியமாக மணந்துகொண்டார். அது வெளியே வந்தவிதம் சுவாரசியமானது. லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் 'சாவித்திரி கணேஷ்' என்று கையெழுத்துப் போட்டதில்தான் ஊருக்கு விஷயம் தெரிந்தது என்று பெரும்பாலான வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. அந்தக் கதையில் ஒன்றைக் கவனிக்கலாம். எந்த நிருபரும் கண்டுபிடித்து அம்பலப்படுத்திய செய்தி அல்ல அது. தன் திருமணத்தை அவரே தன் கைப்பட, தன் பெயரோடு சேர்த்து எழுதினார். தன் கதையைத் தானே சொன்ன அரிதான தருணம் அது. அதற்குப் பிறகு அவருடைய கதையை மற்றவர்கள்தான் சொன்னார்கள்.

'நடிகையர் திலகம்' என்ற பட்டத்தையும் கொஞ்சம் யோசிக்கலாம். பாராட்டுதான், சந்தேகமில்லை. 'நடிகர் திலகம்' என்ற பட்டத்தை ஒட்டி, அதற்கு இணையாக வைக்கப்பட்ட பெயர் அது. தெலுங்கில் அவரை 'மகாநடி' என்கிறார்கள், அதாவது மாபெரும் நடிகை. அதற்கு ஜோடி தேவைப்படவில்லை.

தொலைக்காட்சி அவருக்கு என்ன செய்தது?

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 1950களிலேயே 'தொலைக்காட்சி நடிகை' என்று ஒரு வர்க்கம் உருவாகிவிட்டது. இங்கே அப்படி இல்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதே 1975 ஆகஸ்ட் 15இல்தான். அதனால் தமிழில் ஐம்பதுகளின் நடிகை என்றால் சினிமா நடிகை மட்டுமே. அவர்கள் தொலைக்காட்சிக்கு வந்தது பழைய படங்களின் வழியாகத்தான்.

அந்த வருகை சாதாரணமானது அல்ல. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்', ஞாயிறு மாலைத் திரைப்படம். தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால், தெருவே அந்த வீட்டில் இருக்கும். சென்னையின் ஒளிபரப்பு எட்டிய செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கமெல்லாம் மொட்டைமாடியில் ஆன்டெனா முளைத்தது. 'பாசமலர்' வெளியானபோது பிறக்காத பிள்ளைகள் அதைப் பார்த்து அழுதார்கள். பிறகு 1993இல் சன் டிவி வந்தது. பழைய படங்களுக்கும் பாடல்களுக்குமென்றே சேனல்கள் வந்தன. 'மாயா பஜார்' 2010இல் வண்ணமூட்டப்பட்டு மீண்டும் திரைக்கே வந்தது.

கல்பாக்கம் அணுமின் வளாகத்தில் பணிபுரிகிறவர்கள் வசிக்கும் அணுபுரம் போன்ற ஊரில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்கள் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கும் நகரியம் அது. ஒரே படத்தைத் தமிழ்க் குடும்பம் ஜெமினியோடும், தெலுங்குக் குடும்பம் நாகேஸ்வர ராவோடும் நினைவில் வைத்திருக்கும். இரண்டு வீட்டிலும் மாறாத முகம் சாவித்திரி. "அவங்க எங்க ஆளு" என்று இரண்டு பேரும் சொன்னால், இரண்டு பேர் சொல்வதும் சரி. மொழியைத் தாண்டி இப்படி உரிமை கொண்டாடப்படும் நடிகைகள் எத்தனை பேர்?

ஆனால் தொலைக்காட்சி இன்னொன்றையும் செய்தது. படம் இலவசமாக வீட்டுக்கு வந்துவிட்டதால், 'அந்த நடிகை இப்ப எங்கே?' என்ற கேள்வியும் கூடவே வந்தது. அதற்குப் பதில் சொல்ல ஒரு தனித் தொழிலே உருவானது. நினைவலை நிகழ்ச்சிகள், 'கூட இருந்தவர்' பேட்டிகள், இன்று யூடியூபில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லும் 'சினிமா ரகசியங்கள்'. சொல்கிறவர் நேரில் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா, வேறொரு வீடியோவில் பார்த்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

இயக்குநர் சாவித்திரி எங்கே போனார்?

இந்த 'ரகசிய'க் கதைகளில் அடிபட்டுப்போகும் மிகப் பெரிய தகவல் இது: சாவித்திரி ஓர் இயக்குநர்.

தமிழில் பெண் இயக்குநர்களின் வரிசை 1936இல் 'மிஸ் கமலா' எடுத்த டி.பி.ராஜலட்சுமியிடம் தொடங்குகிறது. பானுமதி 1953இல் 'சண்டிராணி'யை இயக்கினார். அதே பாதையில் 1968இல் சாவித்திரி தெலுங்கில் 'சின்னாரி பாப்பலு' எடுத்தார். தயாரிப்பு, இசை உள்ளிட்ட முக்கியப் பொறுப்புகளைப் பெண்களே ஏற்றுச் செய்த படம் அது. பாடகி பி.லீலா அதற்கு இசையமைத்தார். 1969இல் அதையே தமிழில் 'குழந்தை உள்ளம்' என்று கொண்டுவந்தார். தெலுங்கில் மேலும் சில படங்கள். 1971இல் 'மூக மனசுலு' என்ற தன் தெலுங்கு வெற்றிப் படத்தைச் சிவாஜியை வைத்து 'பிராப்தம்' என்று தமிழில் எடுத்தார்.

ஐம்பது ஆண்டுக்கு முன்னால் ஒரு நடிகை, பெண்களைக் கொண்டே ஒரு படக்குழுவை அமைத்தார் என்பது எவ்வளவு பெரிய செய்தி! இன்றைக்குக்கூட ஒரு படத்தில் ஒளிப்பதிவாளரோ படத்தொகுப்பாளரோ பெண் என்றால் தனிப்பெட்டிச் செய்தி போடுகிறார்கள். ஆனால் சாவித்திரியின் கதையில் இந்தப் பகுதி "சொந்தப் படம் எடுத்து நஷ்டப்பட்டார்" என்ற நாலு சொல்லில் முடிந்துபோகிறது.

நஷ்டப்பட்டார் என்பது உண்மை. 'பிராப்தம்' ஓடவில்லை, சொத்து போனது, வரி பாக்கி நெருக்கியது. ஆனால் சொந்தப் படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட நடிகர்கள் தமிழ் சினிமாவில் கொஞ்சமா? ஆண் நடிகர் எடுத்தால் 'துணிச்சலான முயற்சி, ரசிகர்கள் ஏற்கவில்லை' என்று எழுதுவார்கள். பெண் எடுத்தால் 'யார் பேச்சையும் கேக்கல, அழிஞ்சாங்க' என்று எழுதுவார்கள். ஒரே கணக்கு, இரண்டு விதமான தீர்ப்பு.

ஒரே ஆண்டில் இரண்டு மரணங்கள்

இந்த இரட்டை அளவுகோலைப் புரிந்துகொள்ள 1981ஆம் ஆண்டே போதும். அந்த ஆண்டு அக்டோபர் 17இல் கவிஞர் கண்ணதாசன் சிகாகோவில் காலமானார். டிசம்பர் 26இல் சாவித்திரி சென்னையில் காலமானார். இருவரும் ஒரே திரையுலகில் ஒரே காலத்தில் உச்சத்தில் இருந்தவர்கள். இருவரும் சொந்தப் படத்தில் பணத்தை இழந்தவர்கள். இருவரின் வாழ்க்கையிலும் மது இருந்தது.

கண்ணதாசனின் குடியை யாரும் மறைக்கவில்லை. அவரே ஒளிக்காமல் எழுதியவர். ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது முதலில் வருவது பாட்டு. குடி, அந்தப் பாட்டின் ஓரத்தில் நிற்கும் ஒரு குறிப்பு. சொல்லப்போனால், மேதையின் அடையாளமாகக்கூட அதை ரசித்துச் சொல்கிறவர்கள் உண்டு. சாவித்திரிக்கோ வரிசை தலைகீழ். முதலில் குடி, பிறகுதான் நடிப்பு. ரசனையும் கிடையாது, "ஐயோ பாவம்" மட்டும்தான்.

ஒரு வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறது. கண்ணதாசன் 'வனவாசம்' எழுதினார், தன் தவறுகளைத் தன் சொல்லில் சொன்னார். பானுமதி தன் சுயசரிதையைத் தெலுங்கில் எழுதி அதற்குத் தேசிய விருதும் பெற்றார். சாவித்திரியிடமிருந்து அப்படி ஒரு புத்தகம் நமக்குக் கிடைக்கவில்லை. பேச வேண்டியவர் பேசாத இடத்தில் மற்றவர்களின் குரல் நிறைந்துகொண்டது.

அவருடைய முடிவைப் பற்றிய பிரபலமான சித்திரத்திலும் ஒரு பிழை இருக்கிறது. ஒதுங்கி, மறக்கப்பட்டு, வேலையின்றி மறைந்தார் என்பதே பொதுவான கதை. ஆனால் எழுபதுகள் முழுக்க அவர் நடித்துக்கொண்டுதான் இருந்தார். அம்மா வேடம், அக்கா வேடம், சின்ன வேடம், எதுவாக இருந்தாலும். 1979இல் வந்த தெலுங்குப் படம் 'கோரிண்டாகு'வில்கூட இருக்கிறார். 1980 மே மாதம் நினைவிழந்து விழுந்தபோது அவர் இருந்தது கர்நாடகத்தில், படப்பிடிப்புக்காகப் போன இடத்தில். நீரிழிவும் ரத்த அழுத்தமும் இருந்த உடம்போடு, கடனும் குழந்தைகளும் இருந்த நிலையில், வேலைக்குப் போன ஒரு பெண் வேலை பார்க்கப் போன இடத்தில் விழுந்தார். அதன் பிறகு 19 மாதம் கோமா. இதை 'வீழ்ச்சி' என்று சொல்வதா, கடைசிவரை உழைத்தார் என்று சொல்வதா? உண்மை ஒன்றுதான். எதை முன்னால் வைக்கிறோம் என்பதில்தான் கதை மாறுகிறது.

2018இல் வந்த படம் மாற்றியதா?

நாக் அஸ்வின் இயக்கத்தில் 2018 மே மாதம் 'மகாநடி' வந்தது. தமிழில் 'நடிகையர் திலகம்'. சாவித்திரியாக நடித்த கீர்த்தி சுரேஷ் சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். அந்தப் படத்தின் கதைக் கட்டமைப்பே ஒரு பத்திரிகைக் கதைதான். கோமாவில் கிடக்கும் நடிகையைப் பற்றி எழுத அனுப்பப்படும் ஓர் இளம் பெண் நிருபர், தேடத் தேட அவரை வேறொரு ஆளாகக் கண்டுகொள்கிறார். அந்த நிருபராகச் சமந்தா நடித்திருந்தார்.

படம் செய்த நன்மை பெரிது. இருபது வயதுப் பிள்ளைகள் 'மாயா பஜாரை'த் தேடிப் பார்த்தார்கள். சாவித்திரி படம் இயக்கினார் என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதே சமயம் படமும் காதல், துரோகம், மது, வீழ்ச்சி என்ற பழைய தடத்தைவிட்டு முழுதாக விலகவில்லை. தன் தந்தையைக் காட்டிய விதம் தவறு என்று ஜெமினி கணேசனின் மகள் டாக்டர் கமலா செல்வராஜ் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். யார் சொல்வது சரி என்ற விவாதம் சில வாரம் ஓடியது. கவனியுங்கள், அந்த விவாதமும் 'குடிக்கப் பழக்கியது யார்?' என்பதைச் சுற்றித்தான் நடந்தது. 'நவராத்திரி'யில் அவர் எப்படி நடித்தார் என்பதைச் சுற்றி அல்ல.

"அப்போ, எதையுமே எழுதக் கூடாதா?"

நியாயமான கேள்வி. பொதுவாழ்வில் இருந்தவரின் வாழ்க்கையை மூடிமறைக்க வேண்டியதில்லை. மது ஒரு நோயாக மாறி ஒரு கலைஞரைக் கொன்றது என்றால் அதைச் சொல்லத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு அது பயன்படும். சாவித்திரியைப் புனிதராக்குவதும் அவரைச் சரியாகப் புரிந்துகொள்ளும் வழி அல்ல. மணமான ஒருவரை அவர் மணந்தார். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு மனைவியும் குழந்தைகளும் இருந்தார்கள். அவர்கள் பக்கத்திலும் வலி இருந்திருக்கும்.

கேட்பது மறைப்பதற்கு அல்ல, அளவுக்கு. நோயை நோயாக எழுதலாம், ஒழுக்கத் தீர்ப்பாக எழுத வேண்டாம். பணம் போனதைச் சொல்லும்போது, அன்றைய திரைத்துறையில் ஒப்பந்தம், ஓய்வூதியம், காப்பீடு எதுவும் இல்லாமல் நடிகைகள் எப்படி வேலை பார்த்தார்கள் என்பதையும் சொல்லலாம். சம்பளத்தைக் கையாண்டது யார், கையெழுத்து வாங்கியது யார், ஏன் ஒரு நடிகைக்கு முப்பத்தைந்து வயதானால் அம்மா வேடம் வருகிறது, கூட நடித்த நாயகனுக்கு ஐம்பதிலும் ஏன் காதல் காட்சி வருகிறது? இவையெல்லாம் செய்திக்கான கேள்விகள். அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது எடுத்தது என்று சொல்லி ஒரு புகைப்படத்தை ஆண்டுதோறும் பகிர்வது எந்தக் கேள்விக்கும் பதில் ஆகாது. நினைவில்லாமல் கிடந்தவர் அந்தப் படத்துக்குச் சம்மதம் கொடுத்திருக்க முடியாது.

இன்றைய சின்னத்திரைக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இன்று தமிழ்நாட்டில் தினசரி அதிக வீடுகளுக்குள் நுழைகிற பெண் கலைஞர்கள் தொலைக்காட்சித் தொடர் நடிகைகள்தான். சென்னையின் ஸ்டூடியோக்களிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பங்களாக்களிலும் விடியலில் தொடங்கி இரவுவரை அவர்கள் வேலை பார்க்கிறார்கள். ஒரு படத்துக்கு இரண்டரை மணி நேரக் கதை. தொடருக்கு ஆயிரம் எபிசோடு. அவர்கள் நடிப்பைப் பற்றி எங்காவது ஒரு விமர்சனம் வந்திருக்கிறதா? தொடர் என்றாலே கிண்டல்தான். ஆனால் அவர்களில் ஒருவருக்கு மணமுறிவு என்றால், அது அன்றைய முதன்மைச் செய்தி.

2020 டிசம்பரில் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரின் நடிகை சித்ரா இறந்தபோது என்ன நடந்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே நாள்கணக்கில் ஊகங்கள் ஒளிபரப்பாயின. இத்தகைய மரணச் செய்திகளை எப்படி எழுத வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019இலேயே நெறிமுறைகளை ஏற்றிருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளை ஒட்டியவை அவை. பரபரப்புத் தலைப்பு வேண்டாம், எப்படி என்ற விவரம் வேண்டாம், திரும்பத் திரும்பப் போட வேண்டாம் என்பதே அவற்றின் சாரம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநலச் சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதமின்றி ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது. விதி இருக்கிறது. பின்பற்றுவதில்தான் தடங்கல்.

கேரளத்தில் நடந்ததைப் பார்க்கலாம். ஒரு நடிகைக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு 2017இல் ஹேமா கமிட்டி அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2019 இறுதியில் அரசிடம் தரப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. பாலியல் தொல்லையோடு சேர்த்து, எழுத்து ஒப்பந்தம் இல்லாமை, படப்பிடிப்பு இடத்தில் கழிப்பறைகூட இல்லாமை, சம்பள ஏற்றத்தாழ்வு என்று வேலைச் சூழலை அது பட்டியலிட்டது. அங்கே பேச்சு 'நடிகைகளின் ரகசியம்' என்பதிலிருந்து 'நடிகைகளின் வேலை' என்பதற்கு நகர்ந்தது. ஊடகத்தின் கேள்வி மாறினால் அரசு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

வாசகர் என்ன செய்யலாம்?

எல்லாப் பழியையும் பத்திரிகை மீதும் யூடியூப் மீதும் போட்டுவிட முடியாது. எது சொடுக்கப்படுகிறதோ அதுதான் மறுபடி எழுதப்படுகிறது. ஒரு நடிகையைப் பற்றிய செய்தியைத் திறந்ததும் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம். இதைச் சொல்கிறவருக்கு இது எப்படித் தெரியும்? அவர் செய்த வேலையைப் பற்றி இதில் எத்தனை வரி? இதே விஷயத்தை ஓர் ஆண் நடிகர் செய்திருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பார்களா? மூன்றில் இரண்டுக்குப் பதில் இல்லையென்றால், விரலை நகர்த்திவிட்டுப் போகலாம்.

ஊடகங்களுக்கும் ஒரு சின்ன வேலை காத்திருக்கிறது. சாவித்திரி இயக்கிய படங்களின் பிரதிகள் எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்று தேடலாம். 'சின்னாரி பாப்பலு' குழுவில் வேலை பார்த்த பெண்களைப் பற்றி எழுதலாம். இரண்டு மொழிகளில் நடித்ததற்காக அவர் எப்படிப் பயிற்சி எடுத்தார் என்று விசாரிக்கலாம். விஷயம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் 'கடைசி நாள்ல என்ன நடந்தது?' என்று கேட்டுக் கேட்டே நாற்பது வருடத்துக்கு மேல் போய்விட்டது. 'செட்ல எப்படி வேலை பார்ப்பாங்க?' என்று கேட்க இன்னும் கொஞ்ச காலம்தான் மிச்சம் இருக்கிறது.